ஆக்சிஜன் 98... ஆனாலும் மூச்சு நின்றிருக்கலாம்!

எண்டோஸ்கோபிக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் கிளிப். திரையில் 98. எல்லாம் சரி என்றுதான் தோன்றும். ஆனால், மருந்தின் வீரியத்தில் மூச்சே நின்றுபோனாலும் அந்த 98 உடனே இறங்காது. கூடுதல் ஆக்சிஜன் கொடுத்திருப்பதால், நுரையீரலில் இருக்கும் இருப்பை வைத்தே உடம்பு சில நிமிடங்கள் சமாளித்துவிடும். எண் சரியத் தொடங்கும்போது பொன்னான நேரம் போயிருக்கும்.

அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது, நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்ஸைடு. அதை அளக்கும் கருவிக்குப் பெயர் கேப்னோகிராஃப். இதற்கென்றே இருக்கும் மூக்குக்குழாய்களில் சில, ஒரு துளையில் ஆக்சிஜனைக் கொடுத்து, மறு துளையில் வெளிமூச்சைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஓர் அலை எழும். வழக்கமான அளவு, 35 முதல் 45 மி.மீ. பாதரசம். மூச்சு நின்றால், அடுத்த அலை வராது. அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடும்.

எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ஆக்சிஜன் வேகமாகப் பாய்ந்தால் வெளிமூச்சோடு கலந்து, அளவைக் குறைத்துக் காட்டும். வாயால் மூச்சு விடுபவருக்கு அலை சரியாக வராது. அதனால் டாக்டர்கள் அலையின் வடிவத்தோடு, நோயாளியின் மார்பு ஏறி இறங்குவதையும் பார்ப்பார்கள்.

மிதமான மயக்கத்துக்கும் இந்தக் கண்காணிப்பு தேவை என்று 2011 முதலே சொல்கிறது, அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம். சம்மதக் கையெழுத்துப் போடும் முன், ‘வெளிமூச்சையும் கண்காணிப்பீங்களா டாக்டர்?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.