நாலு செயற்கைக்கோளும் ஒரு டப்பாவும்

மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு

எங்க அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் லோடு ஏத்திக்கிட்டுப் போனால் திரும்பிவர பத்து நாள் ஆகும். சீட்டுக்குப் பின்னால் படுக்கை, ஒரு ஸ்டவ், தண்ணிக் கேன்... அதுதான் அவருக்கு வீடு. அதனால் அமெரிக்காவில் 'மோட்டார்ஹோம்' என்று பஸ் மாதிரி ஒரு வண்டி இருக்கிறது, அதுக்குள்ளேயே சமையலறை, கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு என்று நான் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "லோடு இல்லாம சும்மா சுத்தறதுக்கா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், சும்மா சுத்தத்தான். வேலையில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இப்படி மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறார்களாம். போகிற வழியில் அவர்களில் சிலர் ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். அதன் பெயர் ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் அறிவிப்பார். நாம் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடி எடுக்கணும். உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கணும். உள்ளே பொம்மை, சாவி வளையம் ஏதாவது இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான இன்னொன்றை வைப்பது வழக்கம். சர்வே பிராக்டிகலில் எங்க சார் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது மனசிலேயே நின்றுவிட்டது. காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் பிறந்த தேதியே உண்டு. 2000 மே மாதத் துவக்கம் வரை அமெரிக்க அரசு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் வரை தப்பாகக் காட்டும். அதிபர் கிளிண்டன் உத்தரவால் மே 2 முதல் அது நின்றது. மறுநாளே, மே 3-ல், டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதில் புத்தகம், கொஞ்சம் பணம், கவட்டை வில், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் இருந்தன. அவர் கொடுத்த இடம்: வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். மூன்று நாளுக்குள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்!

அந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. அதை 60-ஆல் வகுத்தால் ஒரு நிமிடம் 1.85 கி.மீ. அப்படியென்றால் கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் 1.85 மீட்டர், ஆள் உயரம். எண்ணில் அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது. ஆனால் கருவியில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

ஏன்? செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்று சொல்லிக்கொண்டே போகிறது. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் தெரியும். மூன்று தூரம் கிடைத்தால் இடம் கிடைத்துவிடும். பிறகு நாலாவது எதற்கு? மேலே இருப்பது அணுக் கடிகாரம், நம் கையில் இருப்பது சாதாரண கடிகாரம். ஒரு மைக்ரோ செகண்டு பிசகினாலே 300 மீட்டர் போச்சு. அந்தக் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் நாலாவது கோள். இதற்கு மேல், காற்று மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். மரமும் சுவரும் திருப்பி அடிக்கும். கடைசியில் நல்ல வெட்டவெளியிலேயே நம் போன் சுமார் 5 மீட்டர் வரை தப்பும்.

இப்போது கான்சாஸ் மாநிலத்தில் மிங்கோவுக்குப் போவோம். ஐ-70 நெடுஞ்சாலையை ஒட்டி, 2000 மே 11-ல் வைத்த டப்பா ஒன்று அங்கே உண்டு. இன்றும் தேடப்படுகிறவற்றில் அதுதான் மிகப் பழையது. காலையில் கிளம்பும்போதே மோட்டார்ஹோம்காரர் வழியில் எந்தெந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் உண்டு என்று குறித்துக்கொள்ளணும். 12 மீட்டர் நீள வண்டி சந்துக்குள் போகாது. பின்னால் சின்ன காரைக் கட்டி இழுக்கிறவர்கள் அதோடு ரிவர்ஸும் எடுக்கக் கூடாது. (அப்பா இதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.) தண்ணித் தொட்டியை நிரப்பணும், கழிவுத் தொட்டியை அதற்கென்று உள்ள இடத்தில் காலி பண்ணணும். இவ்வளவும் முடித்து, வண்டியை ஓரம் கட்டி, நடந்துபோனால், கருவி 'வந்துவிட்டது' என்கிறது. டப்பாவைக் காணோம்! இங்கேதான் விளையாட்டே ஆரம்பம். கடைசி ஐந்து மீட்டருக்குக் கருவி உதவாது. கல்லைப் புரட்டணும், வேலிக் கம்பத்தின் அடியில் தடவணும். சில டப்பா கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

எனக்கு இது ஏன் மனசில் நின்றது? எங்களுக்கு மூன்று சென்ட் இடம் இருக்கிறது. லாரி ஓட்டிய காசில் அப்பா வாங்கியது. முப்பது அடி அகலம். ரோடு போட்டபோது கிழக்கு மூலைக் கல் காணாமல் போய்விட்டது. "சிவில் படிக்கறயே, போன்ல பாத்துச் சொல்லு" என்றார் அப்பா. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பத்திரத்தோடு இருந்த வரைபடத்தில் மூலையின் அட்சரேகை, தீர்க்கரேகை இருந்தது. பெருமையாகப் போய் முளைக்குச்சி அடித்தேன். மறுநாள் காலையில் அதே எண்ணைத் தேடினால் அது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குள் காட்டுது! "ஏங்கண்ணு, நாளைக்கு எங்க அடுப்படிக்கு வருமா உன்ற கல்லு?" என்றார் பெரியம்மா. அப்பா எதுவும் பேசவில்லை. குச்சியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பது அடி என்றால் 9 மீட்டர். அதில் 5 மீட்டர் பிழை என்றால் பாதி இடமே போச்சு. டப்பா தேடுகிறவருக்கு ஐந்து மீட்டர் விளையாட்டு, எங்களுக்கு வீடு.

சார் கிளாஸ் முடிந்த வாரம் ஊருக்குப் போனேன். எஃப்.எம்.பி. நகலில் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. மற்ற இரண்டு கல் அசையாமல் இருந்தன. ஒரு கல்லில் டேப்பின் நுனியை அப்பா பிடிக்க, நகலில் உள்ள தூரத்துக்கு மண்ணில் ஒரு வில் கீறினேன். இன்னொரு கல்லிலிருந்து இன்னொரு வில். இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று நம்ம இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கம் விழுந்தது, அதைத் தள்ளிவிட்டேன். மேலே செயற்கைக்கோள் செய்கிற அதே வேலைதான், டேப்பில்.

வெட்டின இடத்தில் ரோட்டு மண் குவிந்து கிடந்தது. அப்பா கடப்பாறையை இறக்கினார். ஒரு அடி ஆழத்தில் 'ணங்' என்றது. கையால் மண்ணை விலக்கினால் கல்லின் தலை. பெரியம்மாவும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்று போனார்.

நோட்டுதான் இல்லை, பெயர் எழுத. அப்பா கல்லைச் சுற்றித் தண்ணி தெளித்துக் கழுவிவிட்டு, மறுபடி டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னொருக்கா அளந்து பாரு கண்ணு."