மழை நாட்டில் ஒரு திராட்சைப் பந்தல்

டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்தில் ரயிலேறி மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் மலைகள் வழியை அடைத்துக்கொள்கின்றன. ஒரு சுரங்கம், அடுத்து இன்னொன்று, அதற்கும் அடுத்து மற்றொன்று. கடைசிச் சுரங்கத்தின் இருட்டு சட்டென்று விலகும்போது ரயில் ஒரு மலைச்சரிவில் வந்து நிற்கிறது. கீழே பெரிய கிண்ணம் போல ஒரு சமவெளி. கிண்ணத்தின் விளிம்பு முழுக்க மலைகள். காலடியிலிருந்து வெகுதூரம் வரை பச்சைக் கூரை வேய்ந்தது போலத் திராட்சைக் கொடிகள். நிலையத்தின் பெயர் கட்சுனுமா புதோக்யோ. புதோ என்றால் திராட்சை. 'கட்சுனுமா, திராட்சை ஊர்' என்று நிலையமே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

யமனாஷி மாநிலத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊர் 2005-இல் கோஷு நகரத்தின் பகுதியானது. முப்பதுக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் இங்கே இருக்கின்றன. பல ஆலைகளுக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் நியாயமாகப் பார்த்தால் இந்த ஊரில் திராட்சையே விளையக் கூடாது. ஒயினுக்குரிய திராட்சை, வறண்ட கோடையில் பழகிய செடி. ஜப்பானிலோ ஜூன், ஜூலையில் மழைக்காலம். காய் பழுக்கும் செப்டம்பரில் புயல். மழையை வெறுக்கும் கொடியை மழை நாட்டில் எப்படிக் குடிவைத்தார்கள்?

முதல் உதவி மலைகளிடமிருந்து வந்தது. கடலிலிருந்து வரும் மேகங்கள் சுற்றியுள்ள மலைகளிலேயே பெரும்பகுதி நீரை இறக்கிவிடுகின்றன. டோக்கியோவில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை. இந்தக் கிண்ணத்தின் நடுவிலுள்ள கோஃபு நகரில் சுமார் 1,150. சென்னையில் பெய்வதைவிடக் குறைவு. வெயிலுக்கும் பஞ்சமில்லை. 2013 ஆகஸ்டில் கோஃபுவில் வெப்பநிலை 40.7 டிகிரியைத் தொட்டது.

இரண்டாவது உதவி காலுக்குக் கீழே கிடக்கிறது. மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறு சமவெளியைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. தூக்கி வந்த பெருங்கற்களை முதலில் போடுகிறது, பிறகு சரளையை, கடைசியில் மணலை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்தக் குவியல் விரித்த விசிறி போன்ற மேடாகிவிடும். புவியியலார் இதை வண்டல் விசிறி என்பார்கள். இங்கே தண்ணீர் ஊற்றினால் ஓட்டைக் கூடையில் ஊற்றியது போல உள்ளே போய்விடும். நெல்லுக்கு இது சாபம். வரப்புக் கட்டினாலும் நீர் நிற்காது. அதனால் ஒரு காலத்தில் பட்டுப்புழுவுக்காக முசுக்கொட்டை வளர்த்தார்கள். பட்டுத்தொழில் விழுந்ததும் அந்த நிலமும் பழத்தோட்டமானது. வேரடியில் ஈரம் தேங்குவதைப் பொறுக்காத திராட்சைக்கு இந்தக் கல்மேடு நல்ல பாயாக அமைந்தது.

கொடி எங்கிருந்து வந்தது? 718-ஆம் ஆண்டு கியோகி என்ற பௌத்தத் துறவியின் தியானத்தில் மருத்துவ புத்தர் கையில் திராட்சைக் கொத்துடன் தோன்றினார் என்பது ஊர்க்கதை. அவர் நிறுவியதாகச் சொல்லப்படும் தாய்சென்ஜி கோயிலில் இன்றும் புத்தரின் கையில் திராட்சை இருக்கிறது. கோயிலே ஒயினும் தயாரிக்கிறது. கதை அப்படி இருக்க, மரபணு இன்னும் அழகான ஒரு கதையை வைத்திருந்தது. இந்த ஊரின் பெருமையான கோஷு திராட்சையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் அலசிப் பார்த்தார்கள். அதன் மரபணுவில் சுமார் 70 சதவீதம் காக்கசஸ் மலைப் பக்கத்தில் பிறந்த ஐரோப்பிய ஒயின் திராட்சையுடையது. மிச்சத்தில் சீனாவின் காட்டு முள்திராட்சை கலந்திருக்கிறது. தாய்வழியாக மட்டுமே வரும் பச்சையத் துகளின் மரபணுவோ முழுக்க அந்தக் காட்டுக் கொடியைத்தான் காட்டியது. ஆக, பட்டுப் பாதை வழியே கிழக்கே வந்த திராட்சை சீனக் காட்டில் ஒரு தாயைக் கண்டு, அந்தச் சந்ததி கடல் தாண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கோஷுவின் தடித்த இளஞ்சிவப்புத் தோல் ஈரத்தை ஓரளவு தாங்குவதும் இந்தப் பயணத்தின் சீதனமாக இருக்கலாம்.

இனி மனிதர்களின் கைவேலை. ஐரோப்பாவில் திராட்சையை இடுப்பளவு வேலியாக வரிசை பிடித்து வளர்ப்பார்கள். கட்சுனுமாவில் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பார்த்தவர்களுக்கு உடனே பழகிவிடும் காட்சி. பந்தலில் ஏறிய கொத்து ஈரத் தரையிலிருந்து விலகித் தொங்குகிறது. அடியில் காற்று தடையின்றிப் போகிறது. இலைகள் வெயிலை வாங்கிக்கொள்ள, பழம் நிழலில் பழுக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. மழை அதிகமானால் கொடி காய்ப்பதை மறந்து தழைத்துக்கொண்டே போகும். அதை அடக்க முயலாமல் நாலா பக்கமும் படரவிடுகிறார்கள். நன்கு வளர்ந்த ஒரே கொடி சிறிய வீட்டின் கூரையளவு பரவும். வேகமெல்லாம் அந்தப் பரப்பில் பங்கிடப்பட்டதும் கொடி நிதானத்துக்கு வந்து காய்க்கிறது.

பந்தலுக்குள் நுழைந்து ஒரு கொத்தை அருகில் பாருங்கள். அதன் தலையில் ஒரு காகிதக் குடை இருக்கும். மெழுகு பூசிய சதுரக் காகிதம். விளிம்பிலிருந்து நடு வரை ஒரு வெட்டு. அந்த வெட்டைக் காம்பில் நுழைத்து, கூம்பாக மடித்துப் பிணைத்திருக்கிறார்கள். மேலிருக்கும் இலையில் நோய் வந்தால் அதன் பூஞ்சை வித்துகள் மழைத்துளியோடு சொட்டிக் கீழே பழத்தில் விழும். அந்தச் சொட்டைத் தடுக்கத்தான் இந்தக் குடை. ஒவ்வொரு கொத்துக்கும் ஒவ்வொன்று. கால் ஏக்கர் தோட்டத்தில் பெரிய பழ ரகம் என்றால் ஏறக்குறைய 3,000 கொத்து இருக்கும். அதாவது 3,000 முறை அண்ணாந்து, 3,000 முறை கை தூக்க வேண்டும்.

குடைக்கு முன்பே கை தூக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதன் கதை நெல்வயலில் தொடங்குகிறது. சில நாற்றுகள் மற்றவற்றைவிட மடமடவென உயர்ந்து, வெளிறி, மெலிந்து, கதிர் பிடிக்காமலே சாய்ந்துவிடும். ஜப்பானிய விவசாயிகள் இதை 'முட்டாள் நாற்று' என்றார்கள். 1926-இல் தைவானில் வேலை பார்த்த குரோசாவா எயிச்சி, இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்து, பூஞ்சையை வடிகட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய நீரை மட்டும் நல்ல நாற்றுக்குக் கொடுத்தார். அதுவும் மடமடவென உயர்ந்தது. பூஞ்சை சுரந்த ஏதோ ஒன்றுதான் வளர்ச்சியைக் கட்டளையிடுகிறது. 1935-இல் யபுத்தா தெய்ஜிரோ அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயர் வைத்தார். பின்னால்தான் தெரிந்தது, செடிகள் எல்லாமே தங்கள் உடலில் இதைச் சுரந்துகொள்கின்றன. இது தாவரங்களின் வளர்ச்சி ஊக்கி.

1950-களின் இறுதியில் யமனாஷி ஆய்வாளர்கள் இதைத் திராட்சையில் சோதித்தார்கள். டெலவேர் என்ற ரகத்தில் பழங்கள் நெருக்கியடித்து ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். காம்பை நீளமாக்கி நெருக்கத்தைக் குறைப்பதே அவர்கள் எண்ணம். பூக்கும் முன் கொத்துகளை ஜிப்பரெல்லின் நீரில் நனைத்தார்கள். பழத்தைப் பிளந்தபோது உள்ளே விதையைக் காணோம்! பூக்கும் முன் போய்ச் சேர்ந்த ஊக்கி, விதை உருவாவதைக் குலைத்திருந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழச் சதையைப் பெருக்கச் சொல்லும் கட்டளை சாதாரணமாக விதையிலிருந்துதான் வருகிறது. விதை இல்லையென்றால் பழம் மிளகளவிலேயே நின்றுவிடும். அதனால் பூத்து முடிந்ததும் இரண்டாவது முறை நனைக்கிறார்கள். விதை கொடுத்திருக்க வேண்டிய கட்டளையை இப்போது ஜிப்பரெல்லின் நீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் குவளை கொடுக்கிறது. எந்தக் கொத்து நனைந்தது, எது நனையவில்லை என்று எப்படித் தெரியும்? நீரில் கொஞ்சம் சிவப்பு உணவுச் சாயம் கலந்துவிடுகிறார்கள். ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் வந்தால் விவசாயிகளின் விரல்கள் சிவந்திருக்கும். பிறகு கத்தரிக்கோலால் பிஞ்சுகளைக் கழித்து, பெரிய பழ ரகங்களில் கொத்துக்கு 30, 35 பழம் மட்டும் விடுகிறார்கள். டோக்கியோ கடையில் அந்தத் திராட்சையின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கைக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

கோஷுவுக்கு இந்தக் குளியல் கிடையாது. அது விதையோடு பழுத்து ஒயினுக்குப் போகிறது. 1877-இல் ஊரார் கம்பெனி தொடங்கி, தக்கானோ மசனாரி, ட்சுச்சியா ர்யூக்கென் என்ற இரண்டு இளைஞர்களைக் கப்பலேற்றி பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 19. மொழி தெரியாத ஊரில் தொழில் கற்று 1879-இல் திரும்பினார்கள். இங்கே ஒயின் பிறந்தது அப்படித்தான். ஆனாலும் அதை ஊர்ப் பழக்கமாக மாற்றியவர்கள் உழவர்கள். இன்றும் சில வீடுகளில் 1.8 லிட்டர் சாக்கே பாட்டிலில் ஒயினை வாங்கி, தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறார்கள்.

இந்த ஒயினைப் போர்க்கப்பலும் தேடி வந்த காலம் உண்டு. ஒயின் குளிர்ந்தால் அடியில் சர்க்கரைத் துகள் போலப் படிகங்கள் தங்கும். அவை டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் சமையலறைப் புளியின் புளிப்பும் இதே டார்டாரிக் அமிலம்தான். அந்தப் படிகத்தைப் பக்குவப்படுத்தினால் ரோஷெல் உப்பு கிடைக்கும். அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். இதன் பெயர் அழுத்தமின் விளைவு. அடுப்பு லைட்டரை 'டக்' என்று அழுத்தும்போது பொறி பறப்பதும் இதனால்தான். நீர்மூழ்கிக் கப்பலின் இரைச்சல் தண்ணீர் வழியே வந்து ரோஷெல் படிகத்தை மெல்ல அழுத்தினால், அது மின்துடிப்பாகி ஹெட்போனில் கேட்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ஜப்பானியக் கடற்படை யமனாஷியின் ஆலைகளை மேலும் மேலும் ஒயின் செய்யச் சொன்னது இந்தப் படிகத்துக்காகவே. உப்பை எடுத்தபின் மிஞ்சிய ஒயின் உயிரற்றுப் போனது. ஒரு பழத்தின் புளிப்பைக் காதாக மாற்றிய அறிவை வியக்கலாம். அதன் பயனை நினைத்தால் மனம் கனக்கிறது.

எனக்கு இந்த ஊரின் ஆகப்பெரிய அதிசயம் அமைதிக் காலத்தில் நடந்தது. கோஷு ஒயினுக்கு மணமில்லை என்பது நெடுநாள் குறை. போர்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தொமினாகா தக்காதோஷி அதில் திராட்சைப்பழத்தோடு தொடர்பில்லாத, பம்பளிமாசு இனப் பழமான கிரேப்ஃபுரூட்டின் மணப்பொருளைக் கண்டார். கந்தகம் சேர்ந்த இந்த மணப்பொருள்களுக்குத் தயோல் என்று பெயர். லிட்டருக்கு ஒரு கிராமின் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஒரு கிராமை எடுத்து 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் சுமார் 1,400-இல் கரைத்தாலும் மணம் தெரியும் அளவு அது.

பழத்தை மென்றால் இந்த மணம் வராது. வேறொரு மூலக்கூறோடு பூட்டப்பட்டுக் கிடக்கிறது; நொதிக்கும்போது ஈஸ்ட்தான் பூட்டைத் திறக்கிறது. அப்படியானால் இத்தனை காலம் மணம் எங்கே போனது? விடை மழையிடம் இருந்தது. மழையால் பூஞ்சை; பூஞ்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை; அந்த மயில்துத்தத்திலுள்ள செம்பு தயோலைப் பிடித்து அமுக்கிவிடுகிறது. செம்புத் தெளிப்பைக் குறைத்தார்கள். வழக்கத்தைவிட முன்னதாக, பூட்டிய மணம் உச்சத்தில் இருக்கும்போது பறித்தார்கள். 2005-இல் வெளிவந்த 'கீரோகா' என்ற ஒயினில் அந்த மணம் வெளிப்படையாக வீசியது. 2010-இல் பன்னாட்டு ஒயின் அமைப்பு கோஷுவைத் தன் ரகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

திரும்பும்போது நிலையத்தின் அருகே செங்கல் சுரங்கங்களைப் பாருங்கள். 1903-இல் ரயிலுக்காகத் திறந்தவை. புதுப் பாதை வந்தபின் ஓய்வு பெற்ற அவற்றில் ஒன்று நடைபாதை. இன்னொன்று, 1,100 மீட்டர் நீளமுள்ளது, ஒயின் பாட்டில்கள் உறங்கும் கிடங்கு. மலையின் வயிறு கோடையிலும் குளிர்ச்சியாக இருப்பதால் குளிர்சாதன எந்திரம் தேவைப்படவில்லை.

போக விரும்புகிறவர்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போங்கள். கோஷு கொத்துகள் அப்போதுதான் இளஞ்சிவப்பாகப் பழுத்துத் தொங்கும், குடையோடு.