பிரிவிலேஜ்: உரிமையா, சிறப்புரிமையா, சலுகையா?

"மலேசிய இந்தியர்கள் தாய்மொழி கற்கும் சலுகையை அனுபவித்து வருகின்றனர்."

இந்த வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழை இல்லை. எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன. படிவம் ஐந்து கட்டுரைத்தாளில் இப்படி ஒரு வரி வந்தால், நம்மில் பலர் சிவப்பு மையைத் தொடாமலே அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால், பொருளில் பெரிய பிழை இருக்கிறது. சட்டம் காக்கும் ஒன்றை, யாரோ மனமிரங்கித் தந்ததாக இந்த வரி மாற்றிவிடுகிறது.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? மாணவர்கள் ஆங்கிலத்தில் 'பிரிவிலேஜ்' என்றும், மலாயில் 'கெயிஸ்திமேவான்' என்றும் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். தமிழில் எழுத உட்காரும்போது அந்த ஒரே சொல்லுக்கு ஒரே ஈடு தேடுகிறார்கள். கையில் கிடைப்பது 'சலுகை'. அதையே எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். தமிழிலோ இந்தக் கருத்துக்கு ஐந்து சொற்களாவது உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி இடம்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இது எல்லாருக்கும் பொதுவா, சிலருக்கு மட்டுமா? சட்டத்தில் இருக்கிறதா, ஒருவர் விருப்பத்தில் தந்ததா? தந்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? விடை கிடைத்துவிட்டால் சொல் தானாக வந்து நிற்கும்.

உரிமை. சட்டப்படி ஒருவருக்குச் சேர வேண்டியது. நல்ல எடுத்துக்காட்டு வாக்குரிமை. 2019இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 119ஆம் பிரிவைத் திருத்தியது. 2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது. வாக்காளர் பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. ஆகவே, "18 வயது நிறைந்த குடிமக்கள் வாக்குரிமை பெறுகின்றனர்" என்று எழுதலாம். "வாக்களிக்கும் சலுகை வழங்கப்படுகிறது" என்றால் தவறு. இன்று எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு இது அடுத்த ஆண்டே வரப்போகும் உரிமை. எடுத்துக்காட்டை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே கொடுங்கள், மறக்க மாட்டார்கள்.

சிறப்புரிமை. ஒரு பதவியால் அல்லது நிலையால் சிலருக்கு மட்டும் சட்டம் தருவது. நாடாளுமன்ற அவையில் உறுப்பினர் பேசிய பேச்சுக்காக அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 63ஆம் பிரிவு. தேச நிந்தனை போன்ற விலக்கு உண்டு. இது சிறப்புரிமை. கடைத்தெருவில் அதே பேச்சைப் பேசும் உங்களுக்கும் எனக்கும் இது கிடையாது.

தமிழ்நாட்டில் இதற்கு 'உரிமை மீறல்' என்ற வழக்கு இருக்கிறது. 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு ஒரு கேலிச் சித்திரத்துக்காகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. சில நாள்களில் அவர் விடுதலையானார். அந்தச் செய்தியில் வரும் 'உரிமை மீறல்' அவையின் சிறப்புரிமையை மீறியதைக் குறிக்கும். நம் மாணவர்கள் அறிந்த 'மனித உரிமை மீறல்' வேறு. தமிழ்நாட்டு இதழ்களைப் படிக்கும்போது குழம்பாமல் இருக்க, கட்டுரையில் 'சிறப்புரிமை மீறல்' என்று முழுமையாக எழுதுவது நல்லது.

சலுகை. கொடுப்பவர் தம் விருப்பப்படி தருவது, நாளை நிறுத்தவும் கூடியது. தஞ்சோங் மாலிமிலிருந்து கோமுட்டர் இரயிலில் போகும் மூத்த குடிமக்களுக்குக் கிடைப்பது கட்டணச் சலுகை. புத்தகக் கடை மாணவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதும் சலுகைதான்.

உரிமம். நாம் பேச்சில் 'லைசென்ஸ்' என்கிறோமே, அது. நிபந்தனையோடு கிடைக்கும் அனுமதி, மீறினால் பறிபோகும். "அவனுக்கு மோட்டார் ஓட்டும் உரிமை கிடைத்தது" என்பதைவிட "ஓட்டுநர் உரிமம் பெற்றான்" என்பதே சரி.

பேறு, வாய்ப்பு. மேடைப்பேச்சில்தான் இந்தச் சிக்கல் அதிகம். ஆங்கிலப் பேச்சாளர் 'இட் இஸ் மை பிரிவிலேஜ்' என்று தொடங்குவதைக் கேட்டுவிட்டு, "உங்கள் முன் பேசும் சிறப்புரிமையைப் பெற்றுள்ளேன்" என்று எழுதுகிறார்கள். எந்தச் சட்டமும் அந்த உரிமையைத் தரவில்லையே! "உங்கள் முன் பேசக் கிடைத்த வாய்ப்பை எண்ணி மகிழ்கிறேன்", "இதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்" என்பதுதான் தமிழ் மரபு.

இனி, முதல் வாக்கியத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 152ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக வைக்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வப் பயன்பாடு தவிர வேறு மொழியைப் பயன்படுத்துவதையும், எந்த மொழியையும் கற்பிப்பதையும் கற்பதையும் தடுக்கலாகாது என்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய இடமளிக்கிறது. ஆகவே, "தாய்மொழி கற்கும் உரிமைக்கு அரசியலமைப்பில் பாதுகாப்பு உண்டு" என்று திருத்துங்கள்.

இது வெறும் மதிப்பெண் விவகாரம் இல்லை. சலுகை என்று நினைக்கும் பெற்றோர் "கொடுத்தால் பார்ப்போம்" என்று காத்திருப்பார். சட்டத்தில் இடம் உண்டு என்று அறிந்தவர் மற்றப் பெற்றோரைத் திரட்டி, 15 கையெழுத்தோடு தலைமையாசிரியரைப் பார்க்கப் போவார்.

பேராக்கில் இருக்கும் நமக்கு இன்னொரு பாடமும் தெரியும். தோட்டத்து லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். அந்த வீடு வேலையோடு சேர்ந்த வசதி. "நம்ம வீடு" என்றுதான் சொன்னார்கள், ஆனால் வீட்டுரிமை அவர்களிடம் இல்லை. தோட்டம் கைமாறியபோதுதான் பலருக்கு அந்த வேறுபாடு புரிந்தது. சிவப்பு அடையாள அட்டையும் அப்படித்தான். அது நிரந்தரக் குடியிருப்பாளருக்கு உரியது, குடியுரிமை ஆகாது. அதை வைத்திருக்கும் பாட்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருக்கலாம், ஆனால் தேர்தலில் வாக்களிக்க முடியாது. தோட்ட வரலாறு எழுதும் மாணவர் 'குடியுரிமை', 'குடியிருப்பு அனுமதி' இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

சட்ட வாசகத்தை எடுத்தாளும்போது கூடுதல் கவனம் வேண்டும். 153ஆம் பிரிவு மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடியினரின் 'சிறப்பு நிலை'யையும், பிற சமூகத்தினரின் முறையான நலன்களையும் பேசுகிறது. அங்கே இருக்கும் சொல் 'நிலை'. மாணவர் அதைச் 'சிறப்புரிமை' என்று மாற்றி எழுதினால், சட்டம் சொல்லாத சொல்லைச் சட்டத்தின் வாயில் வைத்ததாகும். இத்தகைய தலைப்பில் மூலச் சொல்லுக்கு நெருங்கிய சொல்லையே பயன்படுத்தப் பழக்குங்கள்.

கடைசியாக, வாக்கிய அமைப்பு.

1. உரிமை உடையவர் நான்காம் வேற்றுமையில் வருவார்: "குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு."
2. புதிதாகக் கிடைத்தால் 'பெறு': "குடியுரிமை பெற்றார்." விண்ணப்பத்தின் பேரில் அரசு தந்தால் 'வழங்கு': "அவருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது."
3. 'உரிமை கோரு' என்றால் கேட்பது. 'உரிமை கொண்டாடு' என்றால் தனக்கே உரியது என்று சொல்லிக்கொள்வது. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.
4. புணர்ச்சி: வாக்கு + உரிமை = வாக்குரிமை, சிறப்பு + உரிமை = சிறப்புரிமை. இரண்டிலும் குற்றியலுகரம் கெடுகிறது. குடி + உரிமை = குடியுரிமை என்பதில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது.

வகுப்பில் பத்து நிமிடம் போதும். கீழே உள்ளவற்றைக் கொடுத்து, பொருத்தமான சொல்லை நிரப்பச் சொல்லுங்கள்.

அ. விழாக்கால விற்பனையில் கடை ____ விலை அறிவித்தது.
ஆ. உணவகம் நடத்த நகராண்மைக் கழகத்திடம் ____ பெற வேண்டும்.
இ. ஆரம்பக் கல்வி பெறுவது குழந்தையின் ____.
ஈ. அவையில் பேசியதற்கு வழக்கு இல்லை என்பது உறுப்பினரின் ____.

விடை: சலுகை, உரிமம், உரிமை, சிறப்புரிமை. விடையைச் சொன்னால் மட்டும் போதாது. மூன்று கேள்விகளில் எதனால் அந்தச் சொல் வந்தது என்று மாணவரே விளக்க வேண்டும். அதை விளக்கத் தெரிந்தவர் தேர்வுத்தாளிலும் தடுமாற மாட்டார், நாளைக்கு ஓர் அலுவலகப் பாரத்தில் கையெழுத்திடும்போதும் தடுமாற மாட்டார்.