நியூயார்க் நகரப் பூங்காக்களின் மிதிவண்டிப் பாதைகள்

நியூயார்க் நகரப் பூங்காக்களின் மிதிவண்டிப் பாதைகள் என்பவை ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், பூங்காக்களின் உள்ளேயும் அவற்றை ஒட்டியும் அமைந்துள்ள பாதைகள் ஆகும். இவற்றுள் சென்ட்ரல் பூங்கா, புராஸ்பெக்ட் பூங்கா ஆகியவற்றின் சுற்றுச்சாலைகளும், அட்சன் ஆற்றோரப் பாதையும் வார இறுதியில் பெரிதும் பயன்படுகின்றன.

சென்ட்ரல் பூங்கா

மன்ஹாட்டனில் உள்ள இப்பூங்காவின் சுற்றுச்சாலை ஏறத்தாழ 9.8 கிமீ நீளமுடையது. மிதிவண்டிகள் கடிகார முள்ளின் எதிர்த்திசையில் செல்ல வேண்டும். வடமேற்கு மூலையிலுள்ள ஆர்லெம் குன்று இச்சாலையின் கடினமான ஏற்றமாகும். புதியவர்கள் 102-ஆம் தெருவுக்கு நேரே உள்ள குறுக்குச் சாலையில் திரும்பி இதனைத் தவிர்க்கலாம்.

1960-களில் வார இறுதி நாட்களில் மட்டும் இச்சாலைகளில் தானுந்துகள் தடை செய்யப்பட்டன. இத்தடை படிப்படியாக விரிவடைந்து, 2018 சூன் மாதம் முழுமையானது. எனினும், பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு தாழ்சாலைகளில் தானுந்துகள் தொடர்ந்து செல்கின்றன. இவை பூங்காவின் தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கப்பட்டிருப்பதால் சுற்றுச்சாலையுடன் குறுக்கிடுவதில்லை.

புராஸ்பெக்ட் பூங்கா

புரூக்ளினில் உள்ள இப்பூங்காவையும் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த பிரெடரிக் லா ஓம்சுடெட், கல்வெர்ட் வோக்சு ஆகிய இருவரே வடிவமைத்தனர். சுற்றுச்சாலையின் நீளம் ஏறத்தாழ 5.4 கிமீ. கிழக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட ஏற்றமும், மேற்குப் பக்கத்தில் ஏரியை நோக்கிய இறக்கமும் உள்ளன. இங்கு 2018 சனவரி முதல் தானுந்துகளுக்கு இடமில்லை. பூங்காவின் தெற்கே, ஓசன் பார்க்வே சாலையில் 1894-இல் திறக்கப்பட்ட மிதிவண்டிப் பாதை கோனி தீவு வரை செல்கிறது. இது ஐக்கிய அமெரிக்காவின் முதல் மிதிவண்டிப் பாதையாகக் கருதப்படுகிறது.

அட்சன் ஆற்றோரப் பாதை

இது மன்ஹாட்டனின் மேற்குக் கரையோரமாகச் செல்லும் இருவழிப் பாதையாகும். தென்பகுதி சமதளமானது. ஜார்ஜ் வாசிங்டன் பாலத்துக்கு அருகில் செங்குத்தான ஏற்றம் உண்டு. சுற்றுச்சாலையைப் போலன்றி, சென்ற தொலைவு முழுவதையும் திரும்பி ஓட்ட வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு

தானுந்துகளை விலக்கியதால் மட்டும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2014-இல் சென்ட்ரல் பூங்காவில் மிதிவண்டிகள் மோதி இருவர் இறந்தனர். அவ்வாண்டே அங்கு வேக வரம்பு மணிக்கு 25 மைலிலிருந்து 20 மைலாகக் குறைக்கப்பட்டது. 2017 அக்டோபர் 31 அன்று ஆற்றோரப் பாதையில் ஒருவர் சரக்குந்தை வேண்டுமென்றே ஓட்டியதில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் வாகனங்கள் நுழையக்கூடிய இடங்களில் தடுப்புத் தூண்கள் நிறுவப்பட்டன.

ஒப்பீடு

புராஸ்பெக்ட் பூங்காவை இருமுறை சுற்றினால் சென்ட்ரல் பூங்காவை ஒருமுறை சுற்றும் தொலைவை விடச் சற்றே மிகுதியாகும். சிறு சுற்று என்பதால், களைப்படைந்தவர் தொடங்கிய இடத்துக்கு விரைவில் திரும்பலாம். ஏற்றங்களில் பயிற்சி பெற விரும்புவோருக்குச் சென்ட்ரல் பூங்காவும், சமதளத்தில் நெடுந்தொலைவு செல்வோருக்கு ஆற்றோரப் பாதையின் தென்பகுதியும் பொருத்தமானவை. நடப்போரும் ஓடுவோரும் மிகுந்திருக்கும் பிற்பகலை விட, அதிகாலை நேரமே மூன்று பாதைகளுக்கும் ஏற்றது.