ஆமிஷ் காதல் நாவல்கள் ஏன் இப்படி விக்குது?

(எபிசோடின் உரை வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோட முதல்ல ஒரு கேலி எபிசோடாத்தான் எழுதி வச்சிருந்தேன். அமெரிக்காவுல கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு, குதிரை வண்டியில போற ஒரு மதச் சமூகம் இருக்கு. அவங்கள வச்சு யாரோ காதல் கதை எழுதறாங்க, அது லட்சக்கணக்குல விக்குது. சிரிக்க எவ்வளவோ இருக்குன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு ஆன்-கால் வாரம் வந்துது. ராத்திரி எப்போ அலர்ட் அடிக்குமோன்னு தூக்கம் வராம, அதுல ஒரு புத்தகத்த ஆடியோவுல போட்டேன். மூணு ராத்திரியில முடிச்சிட்டேன். அதனால கேலிய ஓரமா வச்சிடுவோம். இந்தக் கதைங்க ஏன் இழுக்குது, இழுக்கும்போதே எங்க உறுத்துது, ரெண்டையும் பேசலாம்.

முதல்ல, ஆமிஷ்னா யாரு?

ஐரோப்பாவுல அனாபாப்டிஸ்ட்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, வளர்ந்த பிறகு அவங்களே முடிவெடுத்து வாங்கணும்னு சொன்னவங்க. 1693-ல சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பக்கம் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில ஒரு கூட்டம் இதுலேருந்து தனியாப் பிரிஞ்சுது. அவர் பேர்லேருந்து வந்ததுதான் ஆமிஷ். 18-ஆம் நூற்றாண்டுல பென்சில்வேனியாவுக்குக் கப்பல் ஏறினாங்க. இன்னைக்குப் பெரும்பாலும் பென்சில்வேனியா, ஒஹையோ, இண்டியானா மாநிலங்கள்ல இருக்காங்க. வீட்டுல பேசறது பென்சில்வேனியா டச்சு. பேர்ல டச்சு இருந்தாலும் அது ஒரு ஜெர்மன் வட்டார வழக்கு.

ஒவ்வொரு சபைக்கும் 'ஆர்ட்னுங்'னு ஒரு கட்டுப்பாட்டுத் தொகுப்பு உண்டு. என்ன டிரஸ், வண்டிக்கு என்ன நிறம், எந்த மெஷின் ஓகே, எல்லாம் அதுல வரும். இவங்க டெக்னாலஜிய வெறுக்கறவங்கன்னுதான் நாம நினைக்கறோம். உண்மையில, ஒரு புது லைப்ரரிய ப்ராஜெக்ட்ல சேர்க்கறதுக்கு முன்னாடி நாம பண்ற ரிவ்யூ மாதிரிதான் அவங்களும் பண்றாங்க. கேக்கற கேள்விதான் வேற: இது வந்தா குடும்பமும் அக்கம்பக்கமும் என்ன ஆகும்? போன் விஷயத்த எடுத்துக்கோங்க. பல சபைகள்ல போன் வீட்டுக்குள்ள கூடாது. ஆனா பாதையோரமா ஒரு சின்னக் கொட்டகையில வச்சு, தேவைப்பட்டா நடந்து போய்ப் பேசிட்டு வரலாம். போன் இருக்கு, ஆனா அது நம்மள கூப்பிடாது. ஆன்-கால்ல இருக்கறவனுக்கு இது சொர்க்கம் மாதிரி கேக்கும்.

இன்னொரு முக்கியமான விதி. ஞானஸ்நானம் வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் வெளியே போயிட்டா அது வருத்தம், அவ்வளவுதான். வாங்கின பிறகு போனா, அது கடவுள் முன்னாடி கொடுத்த வாக்க மீறினது. அதுக்கு விலக்கி வைப்பாங்க. கடுமையான சபைகள்ல, விலக்கப்பட்டவரோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடக்கூட மாட்டாங்க. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கதையெல்லாம் இங்கேருந்துதான் பொறக்குது.

ஒரு புத்தகம், அப்புறம் ஒரு வெள்ளம்

ஆமிஷ் மக்கள வச்சு நாவல் எழுதறது புதுசு இல்ல. ஹெலன் ரைமன்ஸ்னைடர் மார்ட்டின் 1905-லயே எழுதியிருக்காங்க. 1985-ல ஹாரிசன் ஃபோர்டு நடிச்ச 'விட்னஸ்' படம் வந்து, ஆமிஷ்ங்கற பேர உலகம் பூரா கொண்டு போச்சு. ஆனா இன்னைக்கு நாம பாக்கற இந்த மார்க்கெட் தொடங்கினது 1997-ல, பெவர்லி லூயிஸ் எழுதின 'தி ஷன்னிங்' நாவல்ல. பத்து லட்சம் பிரதிக்கு மேல வித்துது. கல்யாணத்துக்குத் தயாராகிற கேட்டி லாப்ங்கற ஆமிஷ் பொண்ணு, வீட்டு மேல்மாடத்துல ஒரு சாட்டின் குழந்தைச் சட்டையப் பாக்கறா. எளிமையான துணி மட்டுமே போடற வீட்டுல சாட்டின் எப்படி வந்துது? அந்தக் கேள்வி அவளோட பிறப்பு வரைக்கும் இழுத்துட்டுப் போகுது. லூயிஸ் ஆமிஷ் இல்ல. ஆனா அவங்க பாட்டி கட்டுப்பாடான மென்னனைட் சமூகத்துல பொறந்து, வெளியாள கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தவங்க. அந்தப் பாட்டி கதைதான் விதை.

இதுக்கப்புறம் வாண்டா பிரன்ஸ்டெட்டர், சிண்டி வுட்ஸ்மால்னு வரிசையா வந்தாங்க. இந்த அலையப் பத்தி வேலரி வீவர்-ஜெர்ச்சர் 2013-ல 'த்ரில் ஆஃப் த சேஸ்ட்'னு ஒரு நல்ல ஆய்வுப் புத்தகம் எழுதினாங்க. அவங்க கணக்குப்படி 2002-ல வந்த ஆமிஷ் காதல் நாவல் ரெண்டே ரெண்டு. 2012-ல 85. அதாவது நாலு நாளைக்கு ஒண்ணு. பிரன்ஸ்டெட்டர் புத்தகங்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல வித்திருக்கு. 2020-ல ஆமிஷ் மக்கள்தொகையே, குழந்தைங்களையும் சேர்த்து, சுமார் மூணரை லட்சம்தான். ஆக வாங்கினது அவங்க இல்ல. பெரும்பாலும் அமெரிக்க எவாஞ்சலிகல் கிறிஸ்தவப் பெண்கள். எழுதறவங்கள்லயும் பெரும்பாலானவங்க அவங்கதான்.

ஏன் இழுக்குது?

முதல் காரணம் கதைச் சிக்கல். இன்னைக்கு ரெண்டு பேர் காதலிச்சா அமெரிக்க நாவல்ல அவங்களத் தடுக்க என்ன இருக்கு? எழுத்தாளர் கஷ்டப்பட்டு ஒரு தவறான புரிதல உண்டாக்கணும். ஆமிஷ் உலகத்துல தடை ரெடிமேடா இருக்கு. ஒரு கிடார் போதும். ஒரு கார் சாவி போதும். வெளியாள் ஒருத்தன்கிட்ட மனசு போயிட்டா, பொண்ணு அவனுக்காக அம்மாவையும் தங்கச்சியையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும். சரித்திரக் காதல் கதையிலயும் இந்த அழுத்தம் உண்டு, ஆனா அது முடிஞ்சு போன காலம். ஆமிஷ் கதை இப்போ நடக்குது. அதே ஹைவேல உங்க கார் பக்கத்துலயே அந்தக் குதிரை வண்டி போகுது.

ரெண்டாவது, ஒரு உத்தரவாதம். இந்த நாவல்கள்ல முத்தத்தோட நின்னுடும். படுக்கையறைக் காட்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. அம்மா படிச்சிட்டு மகளுக்குக் கொடுக்கலாம், மகள் பாட்டிக்குக் கொடுக்கலாம். எல்லாமே உடம்பக் காட்டி விக்கற காலம், எல்லாமே வேகமா ஓடற காலம். இந்த ரெண்டுலேருந்தும் கொஞ்ச நேரம் தள்ளி நிக்கத்தான் வாசகர்கள் இதுக்குள்ள வர்றாங்கங்கறதுதான் வீவர்-ஜெர்ச்சரோட முக்கியமான வாதம்.

மூணாவது, எனக்குப் பட்டது. இந்தக் கதைகள்ல யாரும் தனியா இல்ல. களஞ்சியம் எரிஞ்சு போனா மறுநாள் ஊரே வந்து கட்டுது. குழந்தை பொறந்தா சமையலறை நிறைய ஆள். இதெல்லாம் வெறும் கற்பனையும் இல்ல. 2006 அக்டோபர்ல நிக்கல் மைன்ஸ்ங்கற ஊர்ல ஒரு வெளியாள் ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள்ள புகுந்து சுட்டதுல அஞ்சு சிறுமிகள் செத்துப்போனாங்க. அந்த மக்கள், சுட்டவனோட குடும்பத்தத் தேடிப் போய் ஆறுதல் சொன்னாங்க. அவன் அடக்கத்துக்கும் போனாங்க. உலகமே திரும்பிப் பாத்துது. அப்படி ஒரு ஊர்ல மனசளவுல ஒரு வாரம் குடியிருக்க யாருக்குத்தான் ஆசை வராது?

அதனால, "பொம்பளைங்க படிக்கற கதைதானே"ன்னு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்னு ஒத்துக்கறேன். எனக்கும் அதே களைப்புதான். நான் அத யூடியூப்ல 'காட்டுல தனியா வீடு கட்டறது எப்படி' வீடியோ பாத்துத் தீத்துக்கறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்க உறுத்துது?

அட்டைப்படத்துலேருந்து ஆரம்பிக்கலாம். ஏறக்குறைய எல்லா அட்டையிலயும் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அழகான பொண்ணு. ஆனா ஞானஸ்நானம் வாங்கின ஆமிஷ் ஆள் போட்டோவுக்கு போஸ் கொடுக்கறத அவங்க மதம் ஏத்துக்காது. ஆக அது தொப்பி மாட்டின மாடல். புத்தகத்துக்குள்ளயும் பல நேரம் இதே கதைதான்.

எப்படின்னா, எவாஞ்சலிகல் நம்பிக்கையில 'நான் ரட்சிக்கப்பட்டுட்டேன்'னு தனி மனுஷன் உறுதியாச் சொல்லணும். ஆமிஷ் பார்வையில அப்படிச் சொல்றது கர்வம். நம்பிக்கையோட பணிஞ்சு வாழணும், தீர்ப்பு கடவுள் கையில. ஆனா பல நாவல்கள்ல நாயகிக்கு எப்போ விடியுது? சபைக் கட்டுப்பாட்டத் தாண்டி, இயேசுவோட தனிப்பட்ட உறவு கிடைக்கும்போது. அதாவது ஆமிஷ் பொண்ணு மனசளவுல எவாஞ்சலிகல் ஆகிடறா, தொப்பி மட்டும் அப்படியே இருக்கு. வாசகர் வேற ஒரு உலகத்துக்குப் போனதா நினைக்கறாங்க. போனது தன் சொந்த வீட்டுக்குத்தான்.

அடுத்தது இன்னும் கனமானது. ஆமிஷ் பிள்ளைங்க பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போட முடியும். 1972-ல விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்குல அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதுக்கு அனுமதி கொடுத்துது. அப்போ நீதிபதி டக்ளஸ் ஒரு கேள்வி கேட்டார்: பெத்தவங்க மத உரிமை சரி, அந்தப் பிள்ளையோட விருப்பத்தக் கேக்க வேண்டாமா? நாவல்கள் இந்தக் கேள்விய மெதுவா ஓரம் கட்டிடும். நல்ல பையன் ஒருத்தன் வருவான், கல்யாணம் ஆகும், பொண்ணுக்கு வேற எதுவும் தேவைப்படாது.

மன்னிப்பும் அப்படித்தான். நிக்கல் மைன்ஸ்ல நம்மள உலுக்கின அதே மன்னிப்பு, வீட்டுக்குள்ள ஒரு பொண்ணுக்குக் கொடுமை நடக்கும்போது 'அவன் மண்டியிட்டு ஒத்துக்கிட்டான், நீ மன்னிச்சிடு, இனி பேசாதே'ன்னு மாறும்போது என்ன ஆகும்? இது வெறும் யூகக் கேள்வி இல்ல. ஆமிஷ் சமூகத்துல நடந்த பாலியல் கொடுமைகள் சபைக்குள்ளயே அமுக்கப்பட்டதப் பத்தி 2020-ல காஸ்மோபாலிட்டன் இதழ் ஒரு பெரிய புலனாய்வுக் கட்டுரை போட்டுது. சலோமா மில்லர் ஃபர்லாங் 2011-ல எழுதின 'வொய் ஐ லெஃப்ட் தி ஆமிஷ்' தன் சொந்த வீட்டுல நடந்தத பேசுது. எந்தச் சமூகத்துலயும் இது நடக்கும், உண்மைதான். ஆனா எட்டாம் வகுப்புப் படிப்போட, வெளியே யாரையும் தெரியாம இருக்கற பொண்ணுக்கு எந்தக் கதவத் தட்டறதுன்னே தெரியாது.

அப்போ படிக்கலாமா?

படிங்க. யார் எழுதினதுன்னு பாத்துப் படிங்க. லிண்டா பைலர்னு ஒருத்தர் இருக்காங்க, இன்னைக்கும் ஆமிஷ் சமூகத்துக்குள்ளயே வாழறவங்க, நோட்டுல கையால எழுதறவங்க. அவங்களோட 'லிஸி' தொடர ஒரு வெளியாள் புத்தகத்தோட சேர்த்துப் படிங்க. அதுக்கப்புறம் ஃபர்லாங். மூணையும் சேர்த்துப் படிச்சாத்தான் படம் முழுசாகும். கொஞ்சம் சிரிக்கணும்னா, 2013-ல வந்த 'ஆமிஷ் வாம்பயர்ஸ் இன் ஸ்பேஸ்' இருக்கு. நெஜமாவே அப்படி ஒரு நாவல் இருக்கு. எழுதின கெர்ரி நீட்ஸ் நம்ம ஆளு, ஒரு காலத்துல மைக்ரோசாஃப்ட்ல ஃபாக்ஸ்புரோ டீம்ல கோடு எழுதினவர்.

என் மனசுல கடைசியா நின்னது இதுதான். அந்த மூணாவது ராத்திரி புத்தகம் முடிஞ்சதும் நான் ஹெட்போன கழட்டினேன், போன்ல அலர்ட் இருக்கான்னு பாத்தேன், தூங்கிட்டேன். அந்த உலகத்துக்குள்ள போகவும் வரவும் எனக்கு ஒரு பட்டன் போதும். நம்மள இழுக்கற அந்த அமைதிக்குள்ளயே பொறந்த ஒரு பதினாலு வயசுப் பொண்ணு மேல படிக்கணும்னு ஆசைப்பட்டா, அவ தாண்ட வேண்டியது தன் வீட்டு சாப்பாட்டு மேசைய. அவ அதுக்குள்ள நெஜமாவே சந்தோஷமாவும் இருக்கலாம், பல பேர் இருக்காங்க. ஆனா அத அவதான் சொல்லணும், அட்டைப்படத்துல இருக்கற மாடல் சொல்ல முடியாது.

நீங்க இந்த மாதிரி கதை எதாவது படிச்சிருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம், போன கொஞ்சம் தள்ளி வச்சிட்டுத் தூங்குங்க.