குறி தவறுவது ஏன்?

ஊவா மாகாணத்தின் மலைகளுக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. 1900ஆம் ஆண்டில் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைப்பதற்காகத் தியத்தலாவையில் பெரும் பாசறை ஒன்று எழுந்தது. அதே ஆண்டிலேதான் இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படையும் அமைக்கப்பட்டது. அப்படை 1949இல் கலைந்தது. தியத்தலாவையோ இன்றும் இராணுவப் பயிற்சிக்குப் பேர்போன ஊராகவே விளங்குகின்றது.

பதுளையில் கொழுந்து நிறுப்பவருக்கும், அப்புத்தளையில் கணக்கெழுதுபவருக்கும் இதனால் யாது பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. சரியாக இயங்காத ஒரு பொருளில் பிழை எங்கே உளது என்று முறைப்படி தேடுவது எப்படி என்பதை விளக்க, றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியைப் போல் நல்ல உதாரணம் வேறொன்று கிடைப்பது அரிது.

பயிற்சித் திடலில் ஒருவர் 25 மீற்றர் தூரத்திலிருந்து சுடுகின்றார் என்று கொள்வோம். சர்வதேசப் போட்டிகளில் அத்தூரத்துக்குரிய துல்லியச் சுடுதல் இலக்கிலே, பத்துப் புள்ளி பெறும் நடுவட்டத்தின் விட்டம் 50 மில்லிமீற்றர் மாத்திரமே. ஆறு குண்டுகளும் ஆறு திசையிற் போகின்றன. உடனே சுட்டவர், “துப்பாக்கி சரியில்லை” என்கிறார். பயிற்றுநரோ, “உம்முடைய கை சரியில்லை” என்கிறார். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம் என்பது நம்மவர் பழமொழி. ஆயினும், முற்றம் சில வேளைகளில் உண்மையாகவே கோணலாக இருப்பதும் உண்டு. எது கோணல் என்று அறிவது எப்படி?

முதலில் இலக்குத் தாளைப் பார்க்கவேண்டும். துளைகள் யாவும் ஓரிடத்தில் நெருங்கியிருந்து, அவ்விடம் மாத்திரம் நடுவைவிட்டு விலகியிருந்தால் அது ஒரு வகை நோய். துளைகள் தாளெங்கும் சிதறியிருந்தால் அது வேறு வகை நோய். முன்னதிற் கையும் கருவியும் ஒரு சீராகவே தொழிற்படுகின்றன. குறிகாட்டியோ தோட்டாவோ மாத்திரம் பொருந்தவில்லை. பின்னதிலே சீர் என்பதே இல்லை. இவ்விரண்டையும் பகுத்தறியாமல் மருந்து கொடுப்பவர் நோயை வளர்ப்பவராவார்.

சிதறலுக்கு முதலிற் சோதிக்க வேண்டியது சுடுபவரையே. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 18 சென்ரிமீற்றர் இருப்பதாக வைத்துக்கொண்டால், முன்குறி ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் 25 மீற்றருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் விலகிவிடும். பத்துப் புள்ளிக்குப் போகவேண்டிய குண்டு ஐந்து புள்ளியிற் போய் விழும். விசையை வெடுக்கென இழுத்தாலே இப்பிசகு நேர்ந்துவிடும். சிலர் காற்றைக் குறை கூறுவர். ஊவாவின் கச்சான் காற்று பெரிதாயினும், இக்குறுகிய தூரத்தில் அது குண்டைத் தள்ளுவது மிகச் சொற்பமே.

சுடுபவரின் கையைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. பயிற்றுநர் ஆறு அறைகளிற் சிலவற்றில் நல்ல தோட்டாக்களையும், சிலவற்றில் முன்பே வெடித்த வெற்றுக் கோதுகளையும், சுடுபவர் அறியாவண்ணம் இட்டுக் கொடுப்பார். அடிசுத்தியல் வெற்றுக் கோதின்மேல் விழும்போது குழலின் முனை கீழ்நோக்கித் துள்ளுமாயின், வெடிச்சத்தத்தை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே துணுக்குறுகின்றது என்பது வெளிப்படும். அங்கே துப்பாக்கியின்மேற் பழியில்லை.

துள்ளாவிட்டால் அடுத்த படிக்குச் செல்லவேண்டும். மணல் மூட்டையின்மேற் கையைத் தாங்கிக்கொண்டு, தேர்ந்த இன்னொருவர் அதே துப்பாக்கியால் அதே தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கட்டும். அவருக்கும் சிதறுமாயின் தோட்டாவை மாத்திரம் மாற்றுக. அப்பொழுதும் சிதறுமாயின் கருவியை ஆராய்க.

தேயிலைத் தொழிற்சாலையிலே சுவை கெட்டால், அனுபவமுள்ள டீமேக்கர் செய்வதும் இதுவே. வாட்டுவதையும், அரைப்பதையும், புளிக்கவிடுவதையும், உலர்த்துவதையும் ஒரே நாளில் அவர் மாற்றுவதில்லை. நான்கையும் ஒருங்கே மாற்றினாற் சுவை திரும்பலாம். ஆனால் எதனால் திரும்பிற்று என்பது தெரியாது. ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் என்பதே ஆராய்ச்சியின் அடிப்படை.

இனிக் கருவிக்கு வருவோம். ரைபிளிலே தோட்டா கிடக்கும் அறையும் குழலும் அசையாமற் பொருந்தியவை. சுழல் துப்பாக்கியிலோ, பொதுவாக ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழல்கின்றது, குழல் ஒன்றுதான். வெடிக்குந்தோறும் குண்டானது அறையை விட்டு, சிறியதோர் இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் புகவேண்டும். அக்கணத்தில் அறை குழலுக்கு நேரே நில்லாவிட்டால், குண்டின் ஒரு பக்கம் சீவப்படும். சீவப்பட்ட குண்டு நேரே பறவாது. சீவிய ஈயத்துகள் பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கக்கூடும். அத்தகைய துப்பாக்கியை அக்கணமே ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஆறு அறைகளுக்கும் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டு, அறைக்கொரு தாளாக ஆறு தாள்களிற் சுட்டுப் பார்ப்பது சிறந்த சோதனை. ஐந்து தாள்களில் துளைகள் நெருங்கியும் ஒன்றில் மாத்திரம் விலகியும் இருந்தால், குற்றம் அந்த அறையினுடையது. ஆறிலும் சிதறினாற் குழலைப் பார்க்கவேண்டும். உள்ளே ஈயம் படிந்திருக்கலாம். வாய் விளிம்பு நசுங்கியிருக்கலாம். பதுளையின் மாரி மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சிய தோலுறையிற் கிடந்து துருப்பிடித்திருக்கலாம். வெப்லி போன்று நடுவே மடிந்து திறக்கும் பழைய துப்பாக்கிகளிலே கீலும் பூட்டும் தேய்ந்து ஆட்டங்கண்டிருக்கலாம்.

துளைகள் நெருங்கியும் இடம் மாறியும் இருந்தால் என்செய்வது? இதற்கு வரலாறே ஒரு சான்று தருகின்றது. 1932இல் பிரித்தானிய இராணுவம் ஏற்றுக்கொண்ட என்பீல்ட் சுழல் துப்பாக்கி முதலில் 200 கிரெயின் நிறையுள்ள ஈயக் குண்டுக்கென அமைந்தது. 1930களின் பிற்பகுதியில் அதற்கு 178 கிரெயின் நிறையுள்ள உலோக உறையிட்ட குண்டு வந்தது. பொதுவாக, ஒரே துப்பாக்கியில் இலேசான குண்டு விரைவாகக் குழலை நீங்கிவிடும். உதைப்பினாற் குழல் அதிகம் மேலெழுமுன் அது வெளியேறுவதால், கைத்துப்பாக்கித் தூரத்தில் அது தாழ்வாகவே படும். அங்கே கையும் குற்றமற்றது, கருவியும் குற்றமற்றது.

இதனை அறியாதவர் அரத்தை எடுத்து முன்குறியை அராவிவிடுவர். குறி தாழ்ந்தால் குண்டு உயரும் என்பது உண்மையே. ஆனால் மறுநாள் பழைய தோட்டா கிடைத்தால் குண்டு மேலே போகும். அராவிய இரும்பு மீண்டும் வளராது. ஆகையால் குறிகாட்டியைத் தொடுவது கடைசி வேலையாகும். அதுவும் அனுமதி பெற்ற துப்பாக்கித் திருத்துநரின் வேலையே. துப்பாக்கியை வைத்திருப்பதற்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

எச்சரிக்கை ஒன்று. வெடிச்சத்தம் வழக்கத்திலும் மெலிந்து கேட்டால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. முந்திய குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அடுத்தது குழலைப் பிளந்துவிடும். குழலைத் திடலின் மண்மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு பயிற்றுநரை அழைப்பதே முறை. குறி தவறிய குண்டு ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் செல்லவல்லது. மேட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் புற்றரைதானா, லயன் வரிசையா என்று குண்டு அறியாது.

நேயர்களே, தவறான தீர்ப்பினால் விளையும் கேடு இரு வகையாகும். ஓர் இளைஞனைக் கைநடுக்கக்காரன் என்று முத்திரை குத்தி அனுப்பிவிடுகின்றோம். கோணல் அறையுள்ள துப்பாக்கியோ அடுத்தவன் கையிற் போய்ச் சேர்கின்றது. அன்றேல், நல்ல கருவியைப் பழித்து அராவிக் கெடுத்துவிடுகின்றோம். துணுக்குறும் கை திருந்தாமலே இருந்துவிடுகின்றது. மணல் மூட்டையும், சுண்ணக்கட்டியும், ஆறு தாள்களும், ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் இவ்விரு கேடுகளையும் தவிர்த்துக்கொள்ளலாம்.