பழங்காலக் கார்களின் இரவுப் பேரணி: முந்துபவருக்குப் பரிசில்லை, சட்டம் சொல்வது என்ன?

புதுடெல்லி: அரை நூற்றாண்டைக் கடந்த கார்களை இரவில் பொதுச் சாலையில் ஓட்டும் பேரணிகள் பந்தயம் என்றே பலரால் கருதப்படுகின்றன. ஆனால், இவற்றில் வேகமாகச் செல்பவர் வெற்றி பெறுவதில்லை. பந்தயத்துக்கும் பேரணிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் பங்கேற்பவர் சட்டச் சிக்கலுக்கு உள்ளாக நேரிடும்.

போட்டி எவ்வாறு நடக்கிறது?

நேரம், வேகம், தூரம் ஆகிய மூன்றின் கணக்கே இப்போட்டி. குறிப்பிட்ட சராசரி வேகத்தில், குறித்த நேரத்தில் சோதனைச் சாவடியை அடைய வேண்டும். தாமதமாக வந்தாலும் முன்கூட்டியே வந்தாலும் தண்டப் புள்ளி உண்டு. சான்றாக, மணிக்கு 36 கி.மீ. சராசரியில் 12 கி.மீ. தூரத்தைச் சரியாக 20 நிமிடங்களில் கடக்க வேண்டும். பழைய காரின் தூரமானி 2 சதவீதம் பிழையாகக் காட்டினால், அந்தத் தூரத்தில் மட்டும் 24 வினாடிகள் பிசகும். எனவே, ஓட்டுநருக்கு இணையான பொறுப்பு அருகில் அமர்ந்து வழியும் நேரமும் கணிப்பவருக்கும் உண்டு.

இவ்வகை இரவுப் பேரணிகள் பரவலாக நடைபெறும் பிரிட்டனில், சராசரி வேகம் மணிக்கு 30 மைலுக்கு, அதாவது சுமார் 48 கி.மீ.க்கு மிகாமல் நிர்ணயிக்கப்படுகிறது.

இரவில் என்ன சவால்?

பழைய கார்கள் பலவற்றில் 6 வோல்ட் மின்னமைப்பே உள்ளது. அதே திறனுள்ள விளக்குக்கு 12 வோல்ட் அமைப்பைவிட இரு மடங்கு மின்னோட்டம் தேவை. இணைப்புகளில் துரு ஏறினால் வெளிச்சம் மங்கிவிடும். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ போதிய மின்சாரம் தராததால், பேட்டரியும் விரைவில் தீரும்.

இந்தியாவில் விதிகள் என்ன?

மத்திய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பராமரிக்கப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பழங்கால வாகனங்களாகும். புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும்.

இவற்றை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழங்காலக் கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்காக மட்டும் ஓட்டலாம்.

இந்தப் பதிவு பந்தயத்துக்கான அனுமதி ஆகாது. மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பொது இடத்தில் வேகப் போட்டியில் ஈடுபடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்கீழ் குற்றம். முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஐம்பது ஆண்டுகளை எட்டாத கார்களுக்கு இந்தச் சிறப்புப் பதிவு கிடையாது. அவை வழக்கமான பதிவுப் புதுப்பிப்பு, தகுதிச் சான்று விதிகளுக்கே உட்பட்டவை. ஆகவே, பேரணிக்குப் பெயர் கொடுக்கும் முன், காரின் விளக்குகளுடன் அதன் முதல் பதிவுத் தேதியையும் சரிபார்ப்பது அவசியம்.